அரை மணி நேரம் ஷிப்டை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: கடம்பத்தூரில் கார் உதிரிபாகம் செய்யும் சிறிய பிரஸ் ஷாப் நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஷிப்ட் சூப்பர்வைசர்களை எடுத்தேன். மூவரும் டிப்ளமோ படித்தவர்கள், நேர்காணலில் நன்றாகப் பேசினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிரச்சினை வந்தால் கையைப் பிசைந்து நின்றார்கள். கம்ப்யூட்டரில் மூளைத்திறன் சோதனை வைத்து ஆள் பொறுக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. எழுத்தைப் படிக்காமல் அதன் மை நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை 1935லிருந்து இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2004ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பும் உண்டு. இவை பயிற்சி பெற்ற உளவியலாளர் கையில் இருக்க வேண்டியவை. திரையில் வேகமாகத் தட்டுகிறவர், டை உடைந்த நேரத்தில் என்ன செய்வார் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

திட்டமிடுவது, நாலு விஷயத்தை மனதில் நிறுத்துவது, அவசரத்தை அடக்குவது, நிலைமை மாறினால் தானும் மாறுவது: நீங்கள் தேடுவது இதைத்தான். உங்கள் ஷாப்பில் நிஜமாக நடந்த ஒரு மோசமான காலையை ஒரு தாளில் எழுதுங்கள். 11 மணிக்குக் கும்மிடிப்பூண்டிக்கு லோடு போக வேண்டும், 800 பீஸ் பாக்கி. இரண்டாம் பிரஸ்ஸில் டை உடைந்திருக்கிறது. ஒரு ஆபரேட்டர் வரவில்லை. நேற்று போன லோடில் பிசிறு இருப்பதாகப் போன் வந்திருக்கிறது. "முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு இருபது நிமிடம் கொடுங்கள். பத்தாவது நிமிடத்தில் உள்ளே போய், "பத்து மணிக்குக் கரண்ட் நிற்கும்" என்று சொல்லுங்கள். எழுதியதையே பிடித்துக்கொண்டிருக்கிறாரா, அடித்துத் திருத்துகிறாரா என்று பாருங்கள். இருபது நிமிடம் முடிந்ததும், அரை மணியில் மீதி பத்து நிமிடம், ஏன் அப்படி என்று அவரைப் பேச விடுங்கள். "அந்த டைக்கு மாற்று இருக்கிறதா?" என்று முதலில் கேட்பவரை நான் மிகவும் மதிப்பேன். குறிப்பெடுப்பவரை மறதிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், குறித்துவைப்பதும் இந்தத் திறன்தான். ஆனால் கையிருப்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்காமல் லாரியில் ஏற்றச் சொல்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு.

எல்லோருக்கும் அதே தாள், அதே கேள்விகள். நீங்களும் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகு பேசுங்கள். உளவியலாளர் பால் சாக்கெட்டின் குழு, ஆள்தேர்வு முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளை 2022ல் மறுபடி கணக்கிட்டபோது, கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்ட நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பது வெகுதூரம் பின்தங்கியது.

ஒரு வேண்டுகோள். வேறு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, அரக்கோணம் லோக்கலில் நின்றபடியே வந்து இறங்குகிறவரை அன்று காலையிலேயே சோதிக்காதீர்கள். தூக்கம் கெட்டால் இந்தத் திறனும் சரியும். மாலையிலோ, அவருடைய வார விடுமுறையிலோ வரச் சொல்லுங்கள்.

மூவரும் ஒரே இடத்தில் தடுமாறியது என்னை யோசிக்க வைக்கிறது. பிரஸ்ஸை நிறுத்தவும், லாரியைக் காக்க வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்ததா? அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு முன், போன மூவரில் ஒருவருக்காவது போன் செய்து இதைக் கேளுங்கள்.