கையெழுத்துக்கு மேலே என்ன இருந்தது?

செகந்திராபாத்

அன்புத் தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு துண்டுக் காகிதம், அதில் நீல மையில் ஒரு கையெழுத்து. "நிஜாமின் நிதி மந்திரி அக்பர் ஹைதரி போட்டதாம். வாங்கலாமா சார்?" என்று கேட்டிருந்தாய். ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நாளைக்கு இன்னொரு துண்டை அனுப்பி அதே கேள்வியைக் கேட்பாய். அதனால்தான் கடிதம்.

உன் வயதில் நானும் துண்டுகளைத்தான் வாங்கினேன். ஹைதராபாத் ஆபிட்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய புத்தகம் பரப்புவார்களே, அங்கே ஒரு ஆல்பம் கிடைத்தது. நாற்பது கையெழுத்துகள், எல்லாம் கத்தரித்து ஒட்டியவை. பேரம் பேசி வாங்கிவந்து ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு உருது தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் "கிணறு வெட்ட" என்பதோடு வரி அறுந்திருந்தது. எந்த ஊர்க் கிணறு, எவ்வளவு பணம், கொடுத்தார்களா மறுத்தார்களா? இன்றுவரை தெரியாது. யாரோ ஒருவர் ஓர் ஊரின் கதையைக் குப்பையில் போட்டுவிட்டு அதன் வாலை மட்டும் எனக்கு விற்றிருக்கிறார்.

சினிமா நட்சத்திரம் ரசிகரின் நோட்டில் கையெழுத்துப் போட்டால் அதோடு சரி. கஜானாக்காரர் கையெழுத்துப் போட்டால் எங்கோ பணம் நகர்கிறது, அல்லது நிற்கிறது. கையெழுத்துக்கு மேலே உள்ள அந்த விவரம் இல்லாவிட்டால் மிஞ்சுவது மைக்கோடுதான்.

நம் ஊரையே எடுத்துக்கொள். முதல் உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1918இல் ஹைதராபாத் அரசு சொந்தமாகக் காகித நோட்டு வெளியிட்டது. அப்போது நிதிப் பொறுப்பில் இருந்து அதில் கையெழுத்திட்டவர் கிளான்சி என்ற ஆங்கிலேயர். 1921இல் அந்தப் பொறுப்புக்கு ஹைதரி வந்தார். பின்னால் அந்த நோட்டுகளில் குலாம் முகமது, ஜாஹித் ஹுசைன் ஆகியோரின் கையெழுத்துகள் வருகின்றன. முன்னவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். பின்னவர் அந்நாட்டு ஸ்டேட் பேங்கின் முதல் கவர்னர். வரிசையின் கடைசிப் பக்கம் மேல்கோட்டே நிற்கிறார். விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்த மருத்துவர், 1952 தேர்தலுக்குப் பின் ஹைதராபாத் மாநிலத்தின் நிதியமைச்சர். 1959இல் அந்த நாணயமே செல்லாமல் போயிற்று. கிளான்சியிலிருந்து மேல்கோட்டே வரை நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார். ஒரு சமஸ்தானம் கை மாறிய கதை முழுவதும் உன் மேசை மேல் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1922 மே மாதம் 'எகிப்து' என்ற கப்பல் லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பி, பிரான்ஸ் கரைக்கு அப்பால் மூடுபனியில் மோதி மூழ்கியது. தங்கம், வெள்ளியோடு லண்டன் வாட்டர்லோ அச்சகத்தில் அடித்த ஹைதராபாத் நோட்டுகளும் அதில் இருந்தன. 1930களில் இத்தாலிய முக்குளிப்பாளர்கள் தங்கத்தைத் தேடி எடுத்தபோது இந்தக் கட்டுகளும் வெளியே வந்தன. அவற்றில் கையெழுத்து ஏறவில்லை. கையெழுத்து இல்லாததால் அவை பணமாகவே ஆகவில்லை. இன்று சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். காரணம், கதை முழுசாகக் கூடவே இருக்கிறது.

இப்போது உன் துண்டுக்கு வருகிறேன். ஹைதரி 1937 வரை நிதியைப் பார்த்தார், பிறகு 1941 வரை பிரதமர். உன் துண்டில் தேதி இல்லை. எந்தப் பதவியில் இருந்து போட்டது என்று எப்படிச் சொல்வாய்? முழுத்தாள் என்றால் பசலி ஆண்டு இருக்கும். தமிழ்நாட்டு நிலக் கணக்கான அடங்கலில் வருமே, அதே பசலிதான். 590 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1325 என்று போட்டு "நிதி மந்திரி ஹைதரி" என்று ஒருவர் விற்றால், அது 1915 வாக்கு. அவர் அப்போது நிதி மந்திரியே ஆகவில்லை. ஹைதர் நவாஸ் ஜங் என்ற பட்டப்பெயரைப் பார்த்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதே, அவரேதான்.

லென்ஸ் இல்லாமல் கடைக்குப் போகாதே. பேனா மை கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் கறுத்திருக்கும், காகித நாருக்குள் கசிந்திருக்கும். ரப்பர் முத்திரையில் ஓரம் கறுத்து நடு வெளிறும். அச்சில் பெரும்பாலும் எல்லாம் ஒரே சமம்.

கையெழுத்தை எங்கே தேடுவது என்பதும் ஒரு படிப்பு. ரிசர்வ் வங்கியின் முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித்தின் கையெழுத்து எந்த நோட்டிலும் கிடையாது. வங்கியின் முதல் நோட்டு 1938இல் வருமுன்பே அவர் போய்விட்டார். அவரைக் கடிதத்தில்தான் பிடிக்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்து இராது, நிதிச் செயலர்தான் போடுவார். அதனால்தான் நிதிச் செயலராகவும் பிறகு கவர்னராகவும் இருந்த எஸ். ஜெகந்நாதன் இரண்டு வகை நோட்டிலும் இருக்கிறார். அமெரிக்காவில் 1861இல் வந்த முதல் அரசு நோட்டுகளில் குமாஸ்தாக்கள் பெரிய அதிகாரிகளுக்காகக் கையாலேயே ஒப்பமிட்டார்கள். 'இவருக்காக' என்று பொருள்படும் இரண்டு சொற்களையும் முதலில் அவர்களே எழுதினார்கள். பிறகு அதை அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். கையால் எழுதியதுதான் அரிது. கை ஓய்ந்த ஒரு குமாஸ்தாவை அங்கே பார்க்கலாம்.

சட்டத்தையும் மறக்காதே. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு தாண்டினால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்காரர் என்ன விலை சொன்னாலும் நீ அனுப்ப முடியாது. கோப்பு எண்ணும் இலாகா முத்திரையும் உள்ள தாள் எப்படி வெளியே வந்தது என்று கேள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடு. அப்படிப்பட்ட தாளின் இடம் தார்நாக்காவில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். வாங்கியதை லேமினேட் செய்யாதே, செலோடேப் ஒட்டாதே, மலிவான பிவிசி உறையில் போடாதே.

இப்போது என் பதில். துண்டை வாங்காதே. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போ, ஒரு டீ சொல்லு, "மீதித் தாள் எங்கே?" என்று கேள். வெட்டியவர் வேறு யாரோ என்றால் போகட்டும். அவரே வெட்டியிருந்தால், உள்ளே இன்னும் வெட்டாத கட்டு இருக்கும். முழுத்தாளுக்குத்தான் ஆள் வருகிறது என்று தெரிந்தால் அடுத்ததில் கத்தரி விழாது.

அன்புடன்,
உன் சார்