மூளைக் கட்டியும் டாக்டர் ஜேக்கப் சாண்டியும்

நம் அனந்தபுரத்தில் யாருக்கேனும் வலிப்பு வந்தால், உடனே சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். வலிப்பு தானே அடங்குகிறது. பெயர் மட்டும் இரும்புக்கு! முன்பு வலிப்பே வராத பெரியவருக்கு அது திடீரென வந்தால், மூளையில் வளரும் கட்டியும் காரணமாகலாம். மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே கட்டி வளர வளர உள்ளே அழுத்தம் கூடும். காலையில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றலாம்.

இத்துறையில் நம் நாட்டின் முன்னோடி டாக்டர் ஜேக்கப் சாண்டி (1910–2007). சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், கனடாவில் வில்டர் பென்ஃபீல்டு என்னும் மேதையிடம் பயிற்சி பெற்றார். மூளைக்கு வலி தெரியாது. எனவே நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேச வைத்தே, பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்து காத்தார் பென்ஃபீல்டு. இம்முறை இன்றும் கட்டிகளை அகற்ற உதவுகிறது.

1949இல் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அன்று ஸ்கேன் இல்லை. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே கட்டியின் இடத்தை அறிந்தனர். 1964இல் அவர் பத்மபூஷண் விருது பெற்றார்.

மூளைக் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. முழுமையாக அகற்றத்தக்கவையும் உண்டு. ஆகவே தோழியரே, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். வாயில் எதையும் திணியாதிருப்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சாவி, கதவைத் திறக்க மட்டும் இருக்கட்டும்!