பிளாஸ்ரிக் சத்திர சிகிச்சை அழகுக்காகவா?

பிளாஸ்ரிக் சத்திர சிகிச்சை என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரங்களின் மூக்கும் முகச் சுருக்கமுமே. வேறு சிலர், உடலினுள் பிளாஸ்ரிக்கை வைத்துத் தைக்கிறார்கள் என எண்ணுகின்றனர். இவ்வெண்ணங்களால், சிகிச்சை பெறவேண்டிய ஒரு பிள்ளை அதைப் பெறாமலே வளர நேரலாம். ஆகவே இதனைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

பெயரின் பொருள்

'பிளாஸ்ரிக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல் வனைதல், உருக்கொடுத்தல் என்பவற்றைக் குறிக்கும். குயவன் களிமண்ணை வனைவதுபோல, வைத்தியர் பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலையும் தசையையும் கொண்டே சிதைந்த உறுப்புக்கு உருக்கொடுக்கிறார். வீட்டில் நாம் பாவிக்கும் பிளாஸ்ரிக் பொருட்கள் தோன்றுமுன்னரே, 1838இல், ஜேர்மனியரான எட்வார்ட் சைஸ் இப்பெயருடன் நூல் எழுதிவிட்டார்.

யுத்தம் தந்த பாடம்

முதலாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான வீரர் மூக்கும் தாடையும் சிதைந்த நிலையில் திரும்பினர். நியூசிலாந்தில் பிறந்த வைத்தியர் ஹரோல்ட் கில்லிஸ், 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் இவர்களுக்கென்றே திறக்கப்பட்ட வைத்தியசாலையில் பணியாற்றினார். உடலின் ஒரு பகுதியிலிருந்து தோற்பட்டையை எடுத்து, அதை முற்றாக வெட்டிவிடாமல் குழாய்போலச் சுருட்டித் தைத்து, இரத்த ஓட்டம் குன்றாதபடி முகத்துடன் பொருத்தினார். ஒரு முகத்தைச் சீராக்கப் பல சத்திர சிகிச்சைகளும் சில வேளைகளில் பல வருடங்களும் சென்றன. அவ்வீரர் நாடியது அலங்காரத்தை அன்று. உண்ணவும் பேசவும் கூசாமல் வெளியே நடமாடவுமே விரும்பினர்.

வேறுபாடு யாது?

பிறவிக் குறை, எரிகாயம், விபத்து, நோய் என்பவற்றால் கெட்ட உருவத்தையும் தொழிற்பாட்டையும் மீட்பது சீரமைப்புச் சிகிச்சை. புற்றுநோயால் மார்பை இழந்த பெண்ணுக்கு அதனை மீள அமைப்பதும் இதிலடங்கும். நலமாயுள்ள உறுப்பைத் தோற்றத்துக்காக மட்டும் மாற்றுவது அழகுச் சிகிச்சை. பிளாஸ்ரிக் சத்திர சிகிச்சை என்ற மரத்தின் இரு கிளைகள் இவை. ஒரே வைத்தியர் இரண்டையும் செய்யலாம். வேறுபடுவது தேவையும் நோக்கமுமே.

திருச்சபை கூறுவது

பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் தமது மரணத்திற்குச் சில நாட்களுக்கு முன், 1958 ஒக்டோபர் 4ஆம் திகதி, இத்தாலியப் பிளாஸ்ரிக் சத்திர சிகிச்சை வைத்தியருக்கு உரையாற்றினார். அழகுச் சிகிச்சை தன்னிலே தீயதென்று அவர் கூறவில்லை. நோக்கம் நேரியதாயும், உடல்நலத்துக்குப் பேராபத்து இல்லாததாயும், காரணம் தகுந்த அளவினதாயும் இருக்கவேண்டும் என்றார். பிறரை மயக்குவதற்கோ, குற்றவாளி நீதிக்குத் தப்புவதற்கோ, வெறும் வீண்பெருமைக்கோ அதைச் செய்வதை அவர் ஏற்கவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

பிளந்த உதட்டுடன் குழந்தை பிறந்தால், கிரகணத்தின் பலன் என்று கூறி, தாயைக் குறைசொல்வோர் இன்றும் உளர். இது உண்மையன்று. உதட்டை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தைப் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் சீர்செய்வர். அண்ணத்தைப் பிந்திச் சீர்செய்தால் பேச்சுத் தெளிவு பாதிக்கப்படலாம். எரிகாயத் தழும்பு இறுகி விரல் மடங்கினாலும், கழுத்தைத் திருப்ப முடியாவிட்டாலும் தாமதியாது வைத்தியரை நாடுங்கள். "அழகு பார்க்கிறார்கள்" என்று அயலவர் சொல்வாரோ என அஞ்சவேண்டாம். பிள்ளை பால் குடிக்கவும் பேசவும் கையால் வேலைசெய்யவும் வழிசெய்வது பெற்றோரின் கடமை.

அழகுச் சிகிச்சையை விரும்புவோரோ, வைத்தியரின் தகைமையையும் பயிற்சியையும் முதலில் விசாரித்தறிதல் வேண்டும். நலமான உடலிற் கத்தி வைப்பதும் சத்திர சிகிச்சையே. மயக்க மருந்து, கிருமித் தொற்று, இரத்தப்போக்கு ஆகிய ஆபத்துகள் அதற்கும் உண்டு.

வீட்டில் கலந்துரையாட:

1. நம் அயலில் உடற்குறை காரணமாக வீட்டினுள் மறைத்து வளர்க்கப்படும் பிள்ளை உண்டா? அக்குடும்பத்திற்கு நாம் செய்யக்கூடியது என்ன?

2. நம் பிள்ளைகளின் நிறத்தையும் மூக்கையும் பற்றி நாம் வேடிக்கையாகச் சொல்லும் சொற்கள் அவர்கள் மனதில் எதை விதைக்கின்றன?