துப்பறியும் கதைக்கு முடிவு எழுதப்போகிற பிள்ளைகளுக்கு

தில்லிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, ஓய்ந்த நேரத்தில் குறும்படமும் திரைக்கதையுமாக அலைகிற தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கடைசியில ஒரு ட்விஸ்ட் வெச்சிருக்கோம் சார், எடுபடுமா?" அரங்கில் எடுபடுவது வேறு, கதாநாயகனுக்குப் பொருந்துவது வேறு. இந்த வேறுபாட்டை விளக்க 2013 மே மாதம் வெளிவந்த 'மும்பை போலீஸ்' என்ற மலையாளப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். முடிவை உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

1. கதையைக் கால வரிசையில் சொல்லிப் பாருங்கள்.

ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கி, பாபி–சஞ்சய் எழுதிய படம் இது. பிருத்விராஜ் நடித்த ஆண்டனி மோசஸ் ஒரு போலீஸ் அதிகாரி. நண்பன் ஆர்யனின் கொலையைத் துப்பறிகிறான். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டதாக மேலதிகாரி ஃபர்ஹானிடம் தொலைபேசியில் சொல்கிறான். பெயரைச் சொல்லுமுன் விபத்து, நினைவு போய்விடுகிறது. அதே வழக்கை மறுபடி முதலிலிருந்து விசாரிக்கிறான். கொன்றவன் தானே என்று கண்டுபிடிக்கிறான்.

இப்போது வரிசையை நேராக்குங்கள். தான் ஓர் ஆணை விரும்புவதை மறைத்து வாழும் போலீஸ்காரன். நண்பனுக்குத் தெரிந்துவிடுகிறது, நட்பு முறிகிறது. அம்பலமாகிவிடும் என்ற பயத்தில் நண்பனைக் கொல்கிறான். செத்தவனோ தனக்குக் கிடைத்த வீரப் பதக்கத்தை ஆண்டனிக்கே உரியது என்று மேடையில் சொல்லத் தயாராகி வந்தவன். அது தெரிந்ததும் கொன்றவனின் மனசாட்சி உறுத்துகிறது. இப்படி நேராகச் சொன்னாலும் கதை நிற்கிறது. வரிசையைக் கலைத்தால் மட்டுமே நிற்கிற கதை உங்களிடம் இருந்தால், அதற்கு முடிவு தேடுவதை விட்டுவிட்டுக் கதையைத் தேடுங்கள்.

2. முடிவு யாருக்குப் பொருந்த வேண்டும் என்று கேளுங்கள்.

இந்தப் படத்தில் ஆண்டனிகள் இருவர். விபத்துக்கு முன் இருந்தவன் முரடன். 'ராஸ்கல் மோசஸ்' என்று பெயரெடுத்தவன். விபத்துக்குப் பின் வருகிறவன் தயங்கித் தயங்கிப் பேசுகிறவன், தன்னைப் பற்றியே பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன். கொலை முதலாமவனுக்குப் பொருந்த வேண்டும். உண்மையை ஒளிக்காமல் ஒப்படைப்பது இரண்டாமவனுக்குப் பொருந்த வேண்டும். படத்தின் கெட்டிக்காரத்தனம் தொலைபேசிக் காட்சியில் இருக்கிறது. வழக்கை முடித்துவிட்டேன் என்று அவன் முதலில் சொன்னதே குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான். அதனால் நினைவோடு இருந்தவனும் நினைவிழந்தவனும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நினைவு போனாலும் குணத்தின் அடி மண் போகவில்லை என்பதை வசனம் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

3. பாத்திரத்தின் பயத்தை எழுதிவையுங்கள்.

"இவ்வளவு தைரியசாலி வெட்கத்துக்குப் பயந்து கொலை செய்வானா?" என்று பலர் கேட்கிறார்கள். செய்வான். அடிதடியும் அதட்டலும் அவன் கட்டிய கோட்டைச் சுவர். உள்ளே இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு பயம். முடிவு தெரிந்தபின் அவனுடைய முரட்டுத்தனம் வேறு பொருள் கொள்கிறது. முன்பு பார்த்த காட்சிகளுக்கு இப்படிப் புதுப் பொருள் தருகிற முடிவே பொருத்தமான முடிவு.

4. செய்த காரியம் மட்டும் போதாது, செய்த விதமும் பொருந்த வேண்டும்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். ஆர்யன் பதக்கம் வாங்கும் விழாவில், தானாகச் சுடும்படி துப்பாக்கியைத் தொலைவில் பொருத்திவைத்துக் கொல்கிறான் ஆண்டனி. கை நீட்டி அடிக்கிற மனிதன் இவ்வளவு நிதானமாகக் கருவி பூட்டுவானா? துப்பறியும் புதிருக்கு அந்த ஏற்பாடு தேவைப்பட்டது, அவனுக்குத் தேவைப்படவில்லை. டேவிட் ஃபின்சரின் 'செவன்' (1995) படத்தைப் பாருங்கள். பிராட் பிட் நடித்த மில்ஸ், உத்தரவில்லாமல் கதவை உதைத்துத் திறக்கிறவன். படிக்கட்டில் படமெடுத்தவனிடம் ஆத்திரத்தில் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கிறவன். கடைசியில் அவன் சுடும்போது நாம் அதிர்கிறோம், ஆனால் வியப்பதில்லை. அவன் கோபத்தை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறோம்.

5. அதிர்ச்சி எதில் இருக்கிறது என்று உங்களையே குடையுங்கள்.

'மும்பை போலீஸ்' பார்த்தவர்கள் இரண்டு செய்திகளுக்கு ஒரே நேரத்தில் அதிர்ந்தார்கள். அவன் கொலைகாரன் என்பது ஒன்று, அவன் தன்பாலீர்ப்பாளன் என்பது மற்றொன்று. முதலாவது குற்றம். இரண்டாவது குற்றமே அல்ல. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டால், பார்க்கிறவன் ஒன்றின் கறையை மற்றதன்மேல் பூசிவிடுவான்.

இந்த ஊரில் இருக்கிற உங்களுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். வயது வந்த இருவர் விருப்பத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை 2013 டிசம்பர் 11 அன்று புரட்டிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் அந்தப் பகுதியை நீக்கியது. முதல் இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே வந்த படம் இது. அப்போது தில்லித் தீர்ப்பு நடப்பில் இருந்தது. ஆனாலும் காக்கிச் சட்டைக்குள் அவமானம் அப்படியே இருந்தது. கொலைக்கு வேர் அந்த அவமானம்தான், ஈர்ப்பு அல்ல. படம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஆனால் அருவருத்து விலகிய ஆர்யனிடம் அது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் கறை சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

6. காரணத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுவான்.

இதே கதை 2023இல் 'ஹண்ட்' என்று தெலுங்கில் வந்தது; முடிவை மாற்றவில்லை. 2025 ஜனவரியில் ரோஷன் ஆண்ட்ரூஸே ஷாஹித் கபூரை வைத்து 'தேவா' என்று இந்தியில் எடுத்தபோது முடிவை மாற்றினார். இதில் நண்பனைக் கொன்றதற்குக் காரணம் மறைத்த காதல் அல்ல, மறைத்த ஊழல். சர்ச்சைக்கு இடமில்லாத முடிவுதான். ஆனால் ஊழல் போலீஸ்காரன் சாட்சியை ஒழிப்பதற்கு இந்த நட்பும் இந்த முரட்டுத்தனமும் எதற்கு? யாருக்கும் பொருந்துகிற காரணம், இவனுக்கென்று பொருந்துவதில்லை.

7. தடயத்தை மேசை இழுப்பறையில் ஒளிக்காதீர்கள், குணத்தில் ஒளியுங்கள்.

நம் வீட்டு உதாரணம் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்ததற்கு மறுநாள் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ராஜனாக நடித்த சிவாஜி கணேசனே தேசத்துரோகி, அவன் சாவுக்குக் காரணம் மனைவி உஷா. அன்றைய ரசிகனுக்கு இரட்டை இடி. ஆனால் தன் திறமையை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற ராஜனின் குமைச்சலும், பண்டரிபாயின் உஷாவுக்கு இருந்த நாட்டுப்பற்றும் கண்ணெதிரே வைக்கப்பட்டவை. பாட்டே இல்லாத அந்தப் படம் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது.

8. மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது.

அகதா கிறிஸ்டியின் 'ராஜர் அக்ராய்ட்' நாவலில் (1926) கதை சொல்லும் டாக்டரே கொலையாளி. சிலவற்றை விட்டுவிட்டுச் சொல்கிறாரே ஒழிய, நடக்காததை நடந்ததாகச் சொல்வதில்லை. உங்கள் கேமராவுக்கும் இதே விதி.

9. தீர்ப்பைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

"முடிவு சூப்பர்", "முடிவு மொக்கை" இரண்டும் விமர்சனம் ஆகாது. என்னைக் கேட்டால், 'மும்பை போலீஸ்' முடிவில் காரணம் ஆண்டனிக்கு முழுக்கப் பொருந்துகிறது. ஒப்புக்கொள்வது அதைவிடப் பொருந்துகிறது. கொலை செய்த முறை பொருந்தவில்லை. உங்கள் கதையையும் இந்த மூன்று கேள்விகளால் அளந்து பாருங்கள். பொருந்தாத இடத்தில் ட்விஸ்டை வெட்டி எறியுங்கள், பாத்திரத்தை வெட்டாதீர்கள்.