மலையடிவாரத்துக்குக் குடிபோவதென்றால் வேலூரா, திருப்பதியா, சேலமா?

ஆவடி டாங்க் பேக்டரியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெறப்போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் வாயில் ஒரே விஷயம்தான் வரும்: இந்த நெரிசலை விட்டுவிட்டு, மலை தெரிகிற ஊராகப் பார்த்து ஒரு வீடு. பக்கத்தில் நல்ல காலேஜ் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும், நல்ல ஆஸ்பத்திரி இருந்தால் நமக்கு ஆகும். மகனோ மகளோ அரிசோனாவில் படித்த வீடாக இருந்தால் பேச்சில் டூசான் நகரமும் வந்துவிடும். சுற்றிலும் பாலைவனம், நடுவே 1885-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், வடக்கே சாண்டா காட்டலினா மலை. கள்ளிக்காட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஏறினால் பைன் மரக்காடு. போய்ப் பார்த்துவிட்டு வந்த பெற்றோருக்கு அம்பத்தூரின் புழுக்கம் இரண்டு மடங்காகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

நம் பக்கம் பாலைவனம் கிடையாது. வேலூரில் பெய்கிற மழை டூசானில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. ஆனால் காய்ந்த காற்று, மொட்டைப் பாறைக் குன்று, மணலாகக் கிடக்கும் ஆறு, ஊரெல்லாம் மாணவர் கூட்டம் என்று எடுத்துக்கொண்டால் நமக்கு மேற்கே மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வழி நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. பூந்தமல்லியைத் தாண்டும் பெங்களூர் நெடுஞ்சாலை வேலூருக்குப் போகிறது. அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடும் சி.டி.எச். ரோடு திருத்தணியைத் தாண்டித் திருப்பதிக்குப் போகிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட ரயில் பாதைதான் இன்று ஆவடி, அரக்கோணம், காட்பாடி வழியாகச் சேலம் வரை நம்மைக் கொண்டுபோகிறது.

காலேஜ் மட்டும் வேண்டுமென்றால் எங்கும் போக வேண்டாம். ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லி பக்கம் சவீதா, பனிமலர் என்று வரிசையாக இருக்கின்றன. விடிகாலையில் மஞ்சள் பஸ்களுக்கு வழிவிட்டே நம் காலம் போகிறது. இங்கே இல்லாதது மலையும் காய்ந்த காற்றும்தான். அதற்காக மட்டுமே இடம் மாறுகிறோம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டால், எந்த ஊர் என்று முடிவெடுப்பது சுலபம்.

வேலூரிலிருந்து தொடங்குவோம். அந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. சாமி விஷயம் 1981-இல் தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் பெரும்பாலும் அப்படியேதான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதே, அது எவ்வளவு அபூர்வம் என்பதற்குச் சாட்சி.

வெயிலை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூரில் செய்தியே அல்ல. ஆனால் அதே மே மாதம் ஆவடியில் 38 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வேலூரில் ஒட்டாது. கடல்காற்றும் இல்லை, அதோடு வரும் ஈரமும் இல்லை. இதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் சென்னையில் வெறும் சத்தம்தான் போடும். அறைக்குள் ஈரம் ஏறி இன்னும் புழுங்கும். வேலூரை ஒட்டிய காட்பாடியில் அதே கூலரை ஜன்னலோரம் வைத்து எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால் அறை நிஜமாகவே குளிரும். கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரியும். வடகம் ஒரே நாளில் காய்ந்துவிடும். துவைத்த துணியை மாலை வரை கொடியில் விட்டால் சாயம்தான் போகும்.

சிக்கல் ராத்திரியில். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில்தான் கக்கும். மொட்டை மாடியில் சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது அங்கே பல வீடுகளில் தினசரி வேலை. முதல் குடம் தரையில் பட்டதும் ஆவி எழும்பும். அதனால் வேலூரில் மேல்மாடி வீடு வாடகை குறைவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கீழ்வீடு அல்லது நடுமாடி, கிழக்கு வாசல், முடிந்தால் வேப்பமரம். குன்றின் அடியிலேயே வீடு பார்ப்பது போட்டோவுக்குத்தான் அழகு. குன்று தெரியும் தூரத்தில் இருப்பதே உத்தமம்.

வேலூரிலேயே எந்தப் பகுதி என்பது அடுத்த கேள்வி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள் குடியிருக்க ஆகாது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களை இழுக்கிறது. காந்தி ரோடு முழுக்க லாட்ஜ்கள், வங்காள எழுத்தில் போர்டுகள், கடுகெண்ணெயில் பொரிக்கும் மீன் வாசனை. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். நிம்மதியாக இருக்கக் காட்பாடி காந்தி நகர்தான் என் தேர்வு. வி.ஐ.டி.யை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்துவிடுங்கள்; 1984-இல் சின்ன என்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கியது இப்போது ஊருக்குள் இன்னொரு ஊர். நாலு பையன்கள் சேர்ந்து கொடுக்கும் வாடகையோடு ஒரு குடும்பம் போட்டி போட முடியாது.

பல்கலைக்கழக ஊர் என்றால் சாயங்காலம் நல்ல சொற்பொழிவு, நூலகம் என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பெரிய காலேஜ்களின் கேட்டில் செக்யூரிட்டி நிற்பார். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார். ஊர்க்காரருக்குக் கிடைக்கும் பலன் வேறு வகையானது: நல்ல மெஸ், நடுராத்திரி வரை திறந்திருக்கும் டீக்கடை, பல மாநிலப் பேச்சு, டியூஷன் எடுக்க நினைத்தால் வருமானம். நிஜமான அறிவு விருந்து வேண்டுமானால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையின் காவலூருக்குப் போங்கள். 1960-களின் கடைசியில் வானம் தெளிவாகத் தெரியும் இடம் தேடி வானியலாளர் வேணு பாப்பு கண்டுபிடித்த காடு அது. அவர் பெயரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது என்பதால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டூசான்காரர்களுக்குக் கிட் பீக் ஆய்வகம் எப்படியோ, வேலூர்க்காரர்களுக்குக் காவலூர் அப்படி. பெரும்பாலானவர்கள் ஏலகிரிக்குப் போட்டிங் போய்விட்டு வந்துவிடுகிறார்கள், பாவம்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பாலாற்றங்கரை ஊர்களில், குறிப்பாக வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம், தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் மனை வாங்கவே கூடாது.

போக்குவரத்தில் காட்பாடியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சென்ட்ரலிலிருந்து 130 கிலோமீட்டர். பெங்களூர், கோவை, கேரளம் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை நின்று போகின்றன. ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு வந்து மாலையில் திரும்புகிறது. அதில் சீசன் டிக்கெட் வைத்துத் தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு இன்னொரு வசதி: வேலூர் மாவட்டமே பட்டாளத்து மாவட்டம். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை.

திருப்பதியை அழகுக்காகப் பார்த்தால் மூன்றில் அதுதான் முதலிடம். எந்தத் தெருமுனையில் நின்றாலும் வடக்கே சேஷாசல மலையின் செம்பாறைச் சுவர். செஞ்சந்தன மரம் இயற்கையாக விளைவது உலகத்திலேயே இந்த மலைப் பகுதிகளில்தான். காலேஜ் ஊர் என்ற பெயருக்கும் வேலூரை விடத் தகுதி அதிகம்: 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பெண்களுக்குப் பத்மாவதி பல்கலைக்கழகம், சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், 2015-லிருந்து ஐ.ஐ.டி.யும் ஐசரும். பெருமாள் பக்தர்களுக்கு வேறு காரணமே வேண்டாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உள்ளூர்க்காரர்களுக்கென்று தனி தரிசனம் உண்டு. ஆதாரில் உள்ளூர் முகவரி இருக்க வேண்டும்.

அந்த ஆதார் முகவரியில்தான் வினையும் இருக்கிறது. மாநிலம் மாறினால் ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எல்லாம் கைவிட்டுப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்: தமிழ்நாட்டு என்ஜினியரிங், மெடிக்கல் கவுன்சலிங்கில் பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தது என்று பார்ப்பார்கள். கடைத்தெருவில் தமிழ் செல்லும். தாசில்தார் ஆபீசில் தெலுங்குதான். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஊருக்குள் ஆட்டோ நகராது. ஓய்வூதியம் வாங்கும் தம்பதிக்கு, தெலுங்கு கொஞ்சம் வருமென்றால், திருப்பதி சரி. மற்றவர்கள் போய்ச் சேவித்துவிட்டு வரலாம்.

சேலத்துக்கு என் ஓட்டு வானிலையை வைத்து. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். கோடையில் பகலில் காய்ந்தாலும் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்ய வாய்ப்பு உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. கருப்பூர் பக்கம் 1997-இல் வந்த பெரியார் பல்கலைக்கழகமும் அரசு என்ஜினியரிங் காலேஜும் இருக்கின்றன. வீடு பார்ப்பதென்றால் ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய கன்னங்குறிச்சி. மூக்கனேரிக் கரையில் காலை நடை போகலாம், பறவைகள் வரும். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்பலாம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தூரத்தைத் தவிர. சென்னையிலிருந்து 330 கிலோமீட்டருக்கு மேல். வாரம் ஒருமுறை பேரனைப் பார்க்க வேண்டும், சென்னை டாக்டரிடமே காட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒத்துவராது. சென்னையோடு கணக்கை முடித்துக்கொண்டவர்கள் தாராளமாகப் போகலாம்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் எந்த ஊருக்கும் மாற வேண்டாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் திருத்தணி எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் சில்லறைக் காசில் ஒரு மலை கிடைக்கிறது, படி ஏறி முருகனையும் பார்க்கலாம். நடக்கத் தெம்பிருந்தால் ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போதும் என்று தோன்றுகிறவர்கள் வீட்டை விற்கும் யோசனையை விட்டுவிடலாம்.

ஓய்வு பெற்ற, பிள்ளைகள் சென்னையில் இருக்கிற சராசரிக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு காட்பாடிதான். ஆனால் தை மாசக் குளிரில் மலையைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துத் தங்கி, ராத்திரி தூக்கம் வருகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தாக்குப்பிடித்துவிட்டால் ஆடியிலேயே வீடு தேடத் தொடங்குங்கள். யாரும் குடிபோகாத மாதம், வீட்டுக்காரர்கள் இறங்கிப் பேசுவார்கள். ஆவணியில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.