பழைய கணிப்பொறிகளும் பகுப்பு முறையும்

கணிப்பொறி என்றாலே நேற்று வந்த பொருள் என்று பலரும் எண்ணுகின்றனர். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் உருவான டிஃப்ராக் 1960-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. கிண்டி ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வகைப் பொறி 1973-ல் வந்தது. ஐ.பி.எம். 1978-ல் நாட்டைவிட்டு வெளியேறியபின் இ.சி.ஐ.எல்., எச்.சி.எல்., விப்ரோ போன்றவை அவ்விடத்தில் வளர்ந்தன. 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தால் பி.பி.சி. மைக்ரோ நம் பள்ளிகளுக்கும் வந்தது.

ஆனால் ராயபுரம், திருவொற்றியூர்ப் பழைய சாமான் கடைகளில் எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெயரே இல்லாத, அசெம்பிள் செய்த பெட்டிகள்தாம். வகுப்பு நண்பர்கள் சிலர் இவற்றை வாங்கிச் சீர்செய்து பழகுகிறோம். சனிக்கிழமைதோறும் கூடிப் பேசுவதைக் குறிப்பேடுகளில் எழுதியும் வருகிறோம். அவற்றை எந்தத் தலைப்புகளில் பிரிப்பது?

தயாரிப்பாளர் பெயர்ப்படி பிரிப்பது எளிது. அதை ஒரு பாட்டரியைக் கொண்டு சோதிப்போம். 1980-களின் இறுதியில் வந்த பல மதர்போர்டுகளில் கடிகாரத்துக்காக 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் கடந்தால் அது கசியும். உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும். பாட்டரியை அகற்றி, நீர்த்த வினிகரால் காரத்தை நடுநிலையாக்கி, தூய நீரால் கழுவி உலர்த்த வேண்டும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் அதே வேலை! இந்த நோய்க்கு நிறுவன வேறுபாடு கிடையாது. பெயர்ப்படி பிரித்தால் ஒரே மருந்தைப் பத்து ஏடுகளில் எழுத நேரும்.

இதற்கு வழி காட்டியவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் பல்கலைக் கழக நூலகரானார். இலண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைக் கண்டபோது, சில துண்டுகளைக் கூட்டி எண்ணற்ற உருவங்கள் செய்யலாம் என்பது அவர் மனத்தில் பதிந்தது. 1933-ல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை அவ்வழியில் பிறந்ததே. ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் தனித்தன்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாகக் காண்பது அவர் முறை.

எங்களுக்கும் அது பொருந்துகிறது. எந்தப் பொறி, எந்த உறுப்பு, என்ன வேலை, எந்த ஆண்டு என்பவை நான்கு முகங்கள். ‘இடம்’ நமக்கு வேண்டாம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். எண்ணூர்க் கடற்காற்றில் கிடந்த பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்! உப்புத் துரு எங்களுக்குத் தனித் தலைப்பு.

ஆயினும் இம்முறையும் பெயர் தெரிந்தவர்க்கே முழுதும் உதவும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இங்கே சேரும்வரை ‘மதர்போர்டு’ என்ற சொல்லையே கேட்டதில்லை. பெயரறியாதவன் பெயர்வாரி ஏட்டில் எதைத் தேடுவான்? ஆகவே ‘இது என்ன?’ என்றொரு ஏட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கவேண்டும் என்று வற்புறுத்தினேன். அதில் பெயர் கேட்பதில்லை. எத்தனை ஊசி, என்ன நிறம், எதன் பக்கத்தில் இருந்தது என்று எழுதினால் போதும், படம் வரைந்தாலும் சரி. விடை கிடைத்ததும் அக்குறிப்பு உரிய ஏட்டுக்கு மாறும். பழைய இடத்தில் அந்த ஏட்டின் எண் நிற்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் எப்பகுப்புக்கும் விடாமல் எல்லா ஏடுகளின் முதற்பக்கத்திலும் எழுதியிருக்கிறோம். பழைய வண்ணத் திரைக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கலாம். ஆசிரியர் அருகில் இல்லாமல் அதன் மூடியைத் திறப்பதில்லை.