‘கடையிலேயே எடுத்துப் பார்த்துவிட்டேன்!’

புதுக் கேமராவுக்கு மாறத் துடிப்பவர்கள் சிட்னியானாலும் மெல்பர்னானாலும் சொல்லும் சமாதானம் இது: “கடையில் நாலு படம் எடுத்துப் பார்த்தேன், பிரமாதம்.” பிரமாதமாகத்தான் இருக்கும். கடைக்குள் பட்டப்பகல் போல வெளிச்சம். பின்பக்கத் திரையில் தெரிவதோ கேமராவே மெருகேற்றி, உள்ளங்கைக்குள் அடக்கிக் காட்டும் படம். அந்த வெளிச்சத்தில் பத்து வருடப் பழைய கேமராவும் சோடைபோகாது. வித்தியாசம் வெளிப்படுவது மங்கலான இடத்தில், உதாரணமாக பரதநாட்டிய அரங்கேற்ற மேடையில். எனவே பழைய கேமராவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் ஐஎஸ்ஓ 6400 வைத்து, கடையின் இருண்ட மூலையைச் சொந்த மெமரி கார்டில் எடுத்துவந்து, வீட்டுக் கணினியில் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. மற்றதெல்லாம் கடைக்காரருக்குச் சாதகமான வேடிக்கை.

24 மெகாபிக்சலிலிருந்து 45-க்குப் போனால் தெளிவு இரட்டிப்பாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. படத்தின் அகலம் 6000 புள்ளிகளிலிருந்து சுமார் 8250 ஆகிறது, அதாவது 38 சதவீதம்கூட இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 20 அங்குல அகல அச்சுக்கு 24-ஏ போதும். 4கே தொலைக்காட்சி காட்டுவதே சுமார் 83 லட்சம் புள்ளிகள்தான். பின்வரிசையில் உட்கார்ந்து எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கக் கூடுதல் புள்ளிகள் உதவுமே என்றால், உதவும், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் முதல் பஞ்சம் வெளிச்சம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. எஃப் 5.6-இல் நின்றுவிடும் கிட் லென்ஸைக் கழற்றி எஃப் 1.8 லென்ஸ் மாட்டினாலோ கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம், அதுவும் பழைய கேமராவிலேயே. “கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் லென்ஸோடு வந்துவிடுமா?” என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். வராது. புதுக் கேமரா வாங்க உருப்படியான காரணம் அதுதான். கூட வந்தவரைக் கேமராவை நோக்கி வேகமாக நடக்கச் சொல்லி, அதையும் கடையிலேயே சோதித்துவிடலாம்.

“பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஆஸ்திரேலியச் சட்டம் இருக்கிறது” என்பது கொஞ்சம் ஆபத்தான நம்பிக்கை. 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் சட்டம் பொருளின் குறைக்குத்தான் பரிகாரம் தருகிறது. மனம் மாறிவிட்டது என்றால் பணம் திரும்புவது அந்தந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது. ஆனால் சோதித்துப் பார்ப்பவருக்கு அதே சட்டத்தில் இரண்டு பிடிகள் உண்டு. விற்கும் பொருள் கடையில் காட்டிய மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். என்ன வேலைக்கு என்று முன்கூட்டிச் சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது உதவ வேண்டும். ஆகவே “அரங்கேற்றம் எடுக்க, ஃபிளாஷ் இல்லாமல்” என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது, மின்னஞ்சலில் கேட்டு வைப்பது அதைவிட நல்லது. கடைச் சோதனை போதாதென்றால், சிட்னி, மெல்பர்ன் இரண்டிலும் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. வாடகை வீண்செலவு என்பார்கள். ஆனால் எடை மணிக்கட்டை வலிக்கச் செய்கிறதா, மார்க்கம் எனும் அரங்கேற்ற நடன வரிசை முடியும்வரை பேட்டரி தாங்குகிறதா என்பதெல்லாம் ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் தெரிந்துவிடும்.